தொட்டிலருகே ஒரு சோதனைச்சாலை

(டில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாதர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் எனக்கு முன் இலக்கியம் பேசினார்கள், இசை வழங்கினார்கள். நான் பேசப் போவதோ எண்ணெயையும் பவுடரையும் பற்றி. பால்புட்டியையும் அந்துருண்டையையும் பற்றி. ஆண்டு விழாவில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டில் தொட்டில் ஆடுகின்ற வரையில், ஒரு தாய்க்கு இதனினும் பெரிய பொருள் வேறில்லை என்பதே என் விடை.

ஊரிலே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், அதைச் சுற்றி ஒரு பல்கலைக்கழகமே கூடிவிடும். பாட்டி குளிப்பாட்டுவார், அத்தை மருந்து உரைப்பார், சித்தி மடியில் போட்டுக்கொள்வார். இத்தலைநகரிலோ, மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில், நானும் என் கணவரும் குழந்தையுமாக மூவரே இருந்தோம். என் தாயார் மூன்று மாதம் உடனிருந்துவிட்டு ஊர் திரும்பினார். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த மகப்பேறு விடுப்பு 180 நாள். அதற்குள் குழந்தையை வளர்க்கவும் வேண்டும், வீட்டை நடத்தவும் வேண்டும், மீண்டும் வேலைக்குச் செல்ல ஆயத்தமாகவும் வேண்டும். ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? பாட்டி அமர்ந்திருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் வந்து அமர்ந்துகொண்டார். கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். தொலைக்காட்சியைத் திறந்தால் விளம்பரம். "நல்ல தாய் இதைத்தான் வாங்குவாள்" என்று ஒவ்வொன்றும் சொல்லிற்று. வாங்காவிட்டால் நான் நல்ல தாய் இல்லையோ என்ற அச்சம் எனக்கு. ஆகவே எல்லாவற்றையும் வாங்கினேன். ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதக் குழந்தைக்கு இருபத்து மூன்று குப்பிகளும் டப்பாக்களும் அலமாரியில் அணிவகுத்து நின்றன!

அவ்வாண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நம் பகுதியின் தண்ணீர் கடினமானது என்பதை யாவரும் அறிவீர்கள். குளியலறைத் தரையில் வெண்ணிறக் கறை படிந்துவிடும். குழந்தை தூங்கும் நேரத்திற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், முதலில் ஆசிட் ஊற்றிப் பார்த்தேன். கறை முழுதும் போகவில்லை. அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். அடுத்த கணம் பச்சை கலந்த மஞ்சள் புகை எழுந்து கண்ணையும் தொண்டையையும் பற்றிக்கொண்டது. மூச்சு வாங்க முடியாமல் ஓடி, அடுத்த அறையிலிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். அந்த அறைக் கதவு மூடியிருந்தபடியால் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. எனக்கோ இரண்டு நாள் இருமல்.

மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு விளங்கிற்று. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு பிறக்கும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, பெல்ஜிய நாட்டுப் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது அதே வாயுதான். அதை நான் என் வீட்டுக் குளியலறையில், என் கையாலேயே உண்டாக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து குப்பியையும் பையையும் எடுத்துப் பார்த்தேன். வேறு எதனோடும் கலக்கலாகாது என்ற எச்சரிக்கை இரண்டின் மேலும் பொடி எழுத்தில் இருந்தது. ஓராண்டாக அவற்றை வாங்கியவள் நான், ஒருநாளும் படித்ததில்லை.

அன்றிரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். அலமாரியிலிருந்த ஒவ்வொரு பொருளையும் நான்கு கேள்விகள் கேட்பது என்று முடிவு செய்தேன். முதலாவது, இது தேவையா? இரண்டாவது, இதனுள்ளே என்ன இருக்கிறது? மூன்றாவது, என் குழந்தைக்கு இது ஒத்துக்கொள்கிறதா? நான்காவது, கொடுக்கும் விலைக்கு இது தகுமா? அந்த நோட்டில் எழுதியவற்றுள் சிலவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் எண்ணெய். குளிர் தொடங்கியதும், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அன்போடு கடுகெண்ணெய் கொடுத்தார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் தேய்க்கிறார்கள். நான் தேய்த்த மூன்றாம் நாள் குழந்தையின் மார்பில் செந்நிறத் தடிப்பு. அதே வாரத்தில் புதிய சோப்பும் புதிய பவுடரும் தொடங்கியிருந்தேன். ஆகவே குற்றவாளி எது என்று தெரியவில்லை! மூன்றையும் நிறுத்தினேன். பின்னர் ஒவ்வொன்றாக, குழந்தையின் முன்கையில் சிறிதளவு தடவி, இரண்டு நாள் காத்துப் பார்த்தேன். தடிப்பு கடுகெண்ணெயால் வந்தது என்று புலனாயிற்று. கடுகெண்ணெய் குழந்தையின் மெல்லிய தோலின் காப்பைக் குலைக்கக்கூடும் என்று ஆய்வாளரும் கண்டிருக்கின்றனர். தேங்காயெண்ணெய்க்கு மாறினேன். டில்லிக் குளிரில் அது கல்லாய் உறைந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் குப்பியைச் சற்றே வைத்தால் இளகிவிடும். ஒரு நேரத்தில் ஒரே புதுப்பொருள் என்னும் விதியை எனக்குக் கற்பித்தது இச்சோதனையே.

அந்த அம்மையார் சொன்ன மற்றொன்றோ பெரும் நன்மை செய்தது. கம்பளி உடைகளைப் பெட்டியில் வைக்கும்போது நாம் அந்துருண்டை போடுகிறோம் அல்லவா? அப்பெட்டியைத் திறந்து, குழந்தைக்குப் போர்த்தப் போனேன். "முதலில் துவைத்து வெயிலில் போடு, மகளே" என்று தடுத்தவர் அவர். அந்துருண்டையில் இருப்பது நாஃப்தலீன். சில குழந்தைகளின் இரத்தத்தில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும். அக்குழந்தைகள் நாஃப்தலீன் ஆவியை மூச்சிழுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை வரலாம். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டு என்பது பார்த்தால் தெரியாது. இப்போது என் பெட்டியில் உலர்ந்த வேப்பிலைதான் இருக்கிறது.

அண்டை வீட்டார் சொல்வதை மட்டுமன்று, நம் வழக்கங்களையும் சோதிக்கத்தான் வேண்டும். என் தாயார் வசம்பு கொண்டுவந்தார். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். அன்பின் மணம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருளை அஞ்சி, அமெரிக்க அரசு 1968லேயே அதை உணவில் சேர்க்கக்கூடாது என்று தடை செய்தது. கையில் காப்பாகக் கட்டினாலும் குழந்தை வாயில் வைக்கும்; ஆகவே தொட்டிலில் எட்டாத உயரத்தில் கட்டினோம். தாயாரும் மனம் வருந்தவில்லை. நாவில் தேன் தடவுவதையும் நிறுத்தினோம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனிலுள்ள நுண்ணுயிர் நஞ்சாகக்கூடும். கண்மையிலும் சுர்மாவிலும் ஈயம் இருக்கலாம். ஈயத்தில் குழந்தைக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை. திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும், கண்ணுக்குள் வேண்டாம்.

கிரைப் வாட்டரைப் பற்றிக் கேட்பீர்கள். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் ஆக்கியது அது. முதலில் அதில் சாராயமும் கலந்திருந்தது, பிற்காலத்தில் நீக்கப்பட்டது. என் குழந்தை மாலைதோறும் அழுதபோது நானும் வாங்கினேன். நோட்டில் எழுதிப் பார்த்தேன்: கொடுத்த நாளும் கொடாத நாளும் அழுகை ஒன்றே. பாலூட்டியபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிய நாட்களில் அழுகை குறைந்திருந்தது. நான்காம் மாதத்தில் அது தானாகவே நின்றுவிட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்பதே மருத்துவ உலகின் முடிவு.

பவுடரையும் விட்டுவிட்டேன். அதன் நுண்துகள் குழந்தையின் மூச்சுப்பைக்குள் செல்லும். டால்க் என்னும் பொருள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக நல நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வு அமைப்பு 2024இல் வகைப்படுத்தியது. மடிப்புகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தினாலே போதும்.

அடுத்தது பால்மாவு. வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது கடையில் அந்த டின்னைக் கையில் எடுத்தேன். தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்தில் அதன்மேல் அச்சிட்டிருந்தது. விற்கும் பொருளே இப்படிச் சொல்வதேன் என்று வியந்தேன். 1992இல் இயற்றி 2003இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் அப்படி அச்சிடக் கட்டளையிடுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. பால் சுரக்காத தாயும், நோயுற்ற தாயும் மருத்துவர் சொற்படி பால்மாவு கொடுப்பது குற்றமன்று. அவர்களைப் பழிப்பது நமக்கு அழகுமன்று. ஆனால் அச்சத்தால் வாங்க வேண்டியதில்லை. பாலைப் பிழிந்து தூய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. ஆறு மாதம் நிறைந்தபின் பருப்புச் சாதமும், முனிர்க்கா கடையில் வாங்கிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சியும் என் குழந்தைக்குப் போதுமாயின.

நான்காம் கேள்வி விலையைப் பற்றியது. எறிந்துவிடும் அணையாடை ஒன்று பத்து ரூபாய். நாளைக்கு ஆறு என்றால் மாதத்திற்கு 1,800 ரூபாய். பகலில் பழைய வேட்டித் துணியும் இரவில் மட்டும் அணையாடையும் என்றால் 300 ரூபாய். மிச்சம் 1,500. ஆனால் இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. துணியைத் துவைக்கும் உழைப்புக்கு யார் விலை போட்டார்கள்? தாயின் நேரத்தையும் விலையில் சேர்த்தாக வேண்டும். என் கணவர் காலையில் துவைக்க முன்வந்த பிறகே அக்கணக்கு நேரானது. மழைநாளிலும், அலுவலகத்தில் வேலை மிகுந்த நாளிலும் அணையாடையையே கட்டினேன். அதற்காக நாணவும் இல்லை. சிக்கனம் என்ற பெயரால் தாயை வாட்டுவது சிக்கனமாகாது.

இறுதியில் அலமாரியில் எஞ்சியவை ஐந்தே பொருள்கள். தேங்காயெண்ணெய், மணமில்லாத மென்மையான சோப்பு, கொசுவலை, இரவுக்கு அணையாடை, காய்ச்சல்மானி. மற்ற பதினெட்டும் வெளியேறின.

தாய்மார்களே! வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். உணவுப் பொருளில் பதினான்கு இலக்க உரிம எண் உள்ளதா, விளையாட்டுப் பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, காலாவதி நாள் கடக்கவில்லையா என்று நோக்குங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு அம்முத்திரை 2021 சனவரி முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள்.

வள்ளுவப் பெருமான் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் தன் பணிக்கு ஆட்களைத் தேர்வதற்கு அவர் சொன்ன முறை அது. நம் வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு குப்பியும் நாம் பணிக்கு அமர்த்தும் ஆளே. ஆராய்ந்த பின்னரே அதற்குக் கதவைத் திறப்போம்.

நிறைவாக, சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். என் நோட்டு ஒருத்தியின் நோட்டு. ஒரே குழந்தையின் அனுபவம். நம் குடியிருப்பில் எத்தனையோ தாய்மார்கள் இருக்கிறீர்கள். சங்க நூலகத்தில் ஒரு பொதுக் குறிப்பேடு வைப்போம். என்ன வாங்கினோம், என்ன விலை, என்ன நேர்ந்தது, மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவரும் அதில் எழுதுவோம். நாளை ஊரிலிருந்து புதிதாக வரும் இளந்தாய் ஒருத்தி, மூன்றாம் மாடியில் தனியாக, அழும் குழந்தையோடு நிற்பாள். அவள் விளம்பரத்தைப் பார்க்குமுன் நம் குறிப்பேட்டைப் பார்க்கட்டும். கடைக்காரர் அமர்ந்துகொண்ட பாட்டியின் இடத்தில் இனி நம் சங்கம் அமரட்டும்! குறிப்பேட்டின் முதற்பக்கங்களாக, இதோ, என் நாற்பது பக்க நோட்டைத் தலைவி அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.