மஞ்சளும் மீநுண்மையும்

(திண்டுக்கல்லில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சளி பிடித்த பிள்ளைக்குப் பாலில் மஞ்சட்பொடியும் மிளகுப்பொடியும் இட்டுக் கொடுக்காத வீடு இவ்வூரில் உண்டோ? மிளகுக்கு நெடுந்தொலைவு போகவேண்டா. சிறுமலையிலேயே கொடி படர்ந்துள்ளது. அவ்விரண்டும் சேர்வது சுவைக்காக மட்டுமன்று என அறிவியல் காட்டியது அண்மையிற்றான்.

மஞ்சளுக்கு நிறம் தருவதும், மருந்தென ஆராயப்படுவதும் குர்க்குமின் என்னும் பொருளே. நூறு கிராம் மஞ்சளில் அஃது ஏறத்தாழ மூன்று கிராம். அதுவும் நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். உண்டதிற் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். தப்பி உட்புகுவதையும் குடற்சுவரும் கல்லீரலும் விரைந்து உருமாற்றி வெளியே தள்ளும். குருதிக்கு எட்டுவது மிகச் சிறிதே.

1998 இல் பெங்களூர்த் தூய யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் மாந்தர்க்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்துக் குருதியை ஆய்ந்தனர். தனியே கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றும் தென்படவில்லை. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோதோ, குருதியை அடைந்தது ஏறத்தாழ 20 மடங்காயிற்று! உருமாற்றும் வேலையை மிளகு தடுக்கின்றது.

மற்றொரு வழி, மருந்தையே பொடியினும் பொடியாக்குவது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கின் ஒரு கூறே 'நானோ மீட்டர்'. நானோ, குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. நமக்கு 'மீநுண்' என்பதே போதும். ஒரு செண்டிமீட்டர்க் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். அதனையே 100 மீநுண் மீட்டர்த் துகள்களாக வெட்டின் மேற்பரப்பு 60 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரையளவு! பரப்பு மிகுந்தால் கரைதல் விரையும். துகளைக் கொழுப்புக் குமிழியுள் பொதிந்து செலுத்துவதும் உண்டு.

சித்தர் பற்பமே மீநுண் மருந்தென மேடைதோறும் முழங்குவோர் உளர். பற்பங்கள் சிலவற்றில் அத்தகு துகள் இருப்பதை மின்னணு நுண்காட்டி காட்டியது மெய்யே. ஆயின் துகள் இருத்தல் வேறு. அளந்தறிந்து ஆளுதல் வேறு. 1995 இல் மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் காட்டி வழக்காட, 1997 இல் அது நீக்கப்பட்டது. அங்கே வென்றது முழக்கமா? எழுத்துச் சான்றன்றோ!

இன்னொன்றும் கேண்மின். மிகுதியாக உட்புகுவது நன்மை மட்டுமே செய்யும் என எண்ணற்க. 2019 இல் இத்தாலியில் மஞ்சட்குளிகை உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் அழற்சி கண்டு அரசு எச்சரித்தது. 2022 இல் அமெரிக்க ஆய்வாளரும் அத்தகைய பத்துப் பேரின் நோயைப் பதிந்தனர். ஆராய்ந்த குளிகைகள் சிலவற்றில் மிளகின் பொருளும் இருந்தது. அப்பொருள் பிற மருந்துகளின் அளவையும் குருதியிற் கூட்டக்கூடும். ஆதலின் நாட்பட்ட நோய்க்கு மருந்துண்ணும் முதியோர், கடையில் வாங்கிய குளிகைப் புட்டியை முதலில் தம் மருத்துவரிடம் காட்டுக. பாலில் இடும் ஒரு சிட்டிகை வேறு. ஆலையில் அடக்கிய குளிகை வேறு.