பெட்டிக்குள் புகுந்த கரையான்



பள்ளித் தவணை தொடங்கிய ஒரு நாள், ஒரு தாயார் தம் மகனை முதலாம் ஆண்டில் சேர்க்க எங்களிடம் வந்தார். பிறப்புப் பத்திரம் கேட்டோம். துணியில் சுற்றிய காகிதக் கட்டை மேசைமீது வைத்து அவிழ்த்தார். மேல் தாள் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தூக்கியதும் உள்ளிருந்து மண்ணும் தூளும் கொட்டின. மகனின் பத்திரம், கணவரின் சேமநிதித் தாள்கள், மாமியாரின் பழைய பத்திரங்கள் யாவும் அரிக்கப்பட்டிருந்தன. அவற்றை வைத்திருந்த பலகைப் பெட்டி, அடுப்படிச் சுவரோரம், தரையிலேயே பல ஆண்டுகள் இருந்ததாம். "பூட்டித்தானே வச்சிருந்தேன், சார்" என்று அந்தத் தாயார் கண்கலங்கினார்.

பூட்டு கள்ளனுக்குத்தான் தடை, கரையானுக்கு அன்று. நம் பொருள்களைத் தின்று கெடுக்கும் உயிர்களைப் பற்றியும், அவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றியும் இன்று பேசுவோம்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. தேவார ஏடுகளைத் தேடிச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலுக்குச் சென்றபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் மரபு கூறுகிறது. அரசன் காத்த கோயிலுக்கே அந்த நிலை என்றால், லயத்து வீட்டுப் பெட்டி எம்மாத்திரம்?

பொருளைக் கெடுக்கும் உயிர்கள் பல. பூஞ்சணம் துணியிலும் தோலிலும் படர்கிறது. இராமபாணப் பூச்சி புத்தகத்தின் பசையைத் தின்கிறது. மரவண்டு நாற்காலிக் காலைத் துளைத்து மாவாக உதிர்க்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈரம் துணை. கித்தாத் தோட்டத்தில் ஷீட் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உலராத ஷீட்டில் பூஞ்சணம் பூக்கும், தரம் இறங்கும், விலையும் இறங்கும். அதனால்தான் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டார்கள். புகையின் சூடு ஈரத்தைப் போக்கியது. புகையிலுள்ள சில பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே இங்கு நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

இனிக் கரையானைப் பார்ப்போம். மலாய்க்காரர்கள் இதை அனாய்-அனாய் என்பார்கள். நம் வீடுகளை அரிக்கும் முக்கிய இனத்துக்குக் கோப்டோடெர்மஸ் என்று பெயர். இதன் காவல் கரையானைச் சீண்டினால், தலையிலிருந்து வெள்ளையாகப் பிசுபிசுக்கும் நீரைக் கசியவிடும். பார்த்தால் கித்தாப்பால் போலவே இருக்கும். இந்த இனத்தின் உறவுகளில் ஒன்று, உயிரோடு நிற்கும் பால்மரத்தையும் செம்பனையையும் சாய்த்துவிடக்கூடியது.

வேலைக்காரக் கரையானின் உடல் வெளிறியது, மென்மையானது. வெளிக்காற்றுப் பட்டால் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் அது மண்ணையும் எச்சிலையும் குழைத்து, பென்சில் பருமனில் குழாய் கட்டி, அதற்குள் மறைந்து நடக்கிறது. மரத்தைச் செரிக்க அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. காகிதமும் மரத்திலிருந்து வந்ததுதான். கரையானுக்கு இரண்டும் ஒரே சாப்பாடு. மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலும் கரையான் இனமே. வீட்டுக்குள் சுவரோரம் ஈசல் இறகுகள் குவிந்து கிடந்தால், புற்று அருகில் இருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

தடுக்கும் வழி என்ன? முதலாவது, மண்ணுக்கும் மரத்துக்கும் தொடர்பை அறுப்பது. பெட்டியையும் அலமாரியையும் செங்கல்மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். அடுப்படித் தண்ணீர் சுவரடியில் தேங்க விடாதீர்கள்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை பார்ப்பது. கதவு நிலையையும் தூணையும் விரலால் தட்டுங்கள். பொக்கென்று ஒலித்தால் உள்ளே அரித்திருக்கலாம். மண்குழாய் தெரிந்தால் உடனே துடைப்பத்தால் தட்டிவிட்டு, போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். புற்று மண்ணுக்குள் இருக்கிறது. கரையான் வேறு வழியாக ஏறும். தோட்ட நிர்வாகத்துக்கு உடனே சொல்லுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. இது சலுகை கேட்பது ஆகாது.

மூன்றாவது, மருந்தில் எச்சரிக்கை. தோட்டத்து விஷ மருந்தைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது பெருந்தீங்கு. பிள்ளைகள் குடிநீர் என்று எடுத்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. முன்பு கரையானுக்கு ஊற்றிய குளோர்டேன், டீல்டிரின் போன்றவை மண்ணிலும் உடலிலும் நெடுங்காலம் தங்குபவை. 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றை ஒழிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. இப்போது இரை வைக்கும் முறை உண்டு. கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்தை இரையில் கலந்து வைப்பார்கள். வேலைக்காரக் கரையான் அதைத் தின்று மற்றவற்றுக்கும் ஊட்டும். சில வாரங்களிலோ மாதங்களிலோ புற்றே அழியும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கரையான் பற்றிய ஆய்வுகள் பல நடந்துள்ளன. இரை வைப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அவர் வரும்வரை குழாயைக் கலைக்காமல் விடுவதே நல்லது.

வசம்பும் வேப்பிலையும் போதாவா என்று பாட்டிமார் கேட்பார்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் ஏடுகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம் போன்றவற்றைப் பொடித்து முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. புத்தகப் பூச்சிகளை விரட்ட அது உதவும். மண்ணிலிருந்து கூட்டமாக ஏறிவரும் கரையானை அதை மட்டும் நம்பித் தடுக்க முடியாது.

கடைசியாக, பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சேமநிதித் தாள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, இறுக மூடும் பிஸ்கட் தகரத்தில் போட்டு, உயரமான தட்டில் வையுங்கள். வெயில் நாளில் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். ஒவ்வொன்றையும் நகலெடுத்து வேறு வீட்டு உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பத்திர எண்களைப் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தாள் அரிக்கப்பட்டிருந்தாலும் எறிந்துவிட வேண்டாம். எஞ்சிய துண்டில் எண் இருந்தால் தேசியப் பதிவிலாகாவில் தேடுவது எளிது.

அந்தத் தாயாருக்கும் அப்படித்தான் நடந்தது. தூளுக்கிடையே விரற்கடை அளவு துண்டு ஒன்று கிடைத்தது. அதில் எண் இருந்தது. பல நடை நடந்து மறுபடி பத்திரம் பெற்றார். பையனும் பள்ளியில் சேர்ந்தான். துண்டு கிடைக்காமலிருந்தால் அலைச்சல் இன்னும் கூடியிருக்கும்.

இன்று மாலை வேலை முடிந்ததும் உங்கள் பெட்டியை ஒருமுறை நகர்த்தி, அதன் அடியைப் பாருங்கள்.