மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பலருக்குத் தெரியும். ஒரகடம் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பல வருஷமாக மருந்தாளுநராக வேலை செய்கிறேன். தலைவி அக்கா என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சத்துணவு, ரத்தசோகை பத்திப் பேசும்மா"ன்னு சொன்னாங்க. நான்தான், "அக்கா, இந்த வருஷம் போதை மாத்திரை பத்திப் பேசறேன்"னு கேட்டு வாங்கினேன். காரணம் கடைசியில் சொல்லவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

2017-ஆம் வருஷம். நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு பையன் காலையில் கடைக்கு வருவான். காண்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, இடுப்பு வலி. முதல் தடவை டாக்டர் சீட்டோடு வந்தான். டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதியிருந்தது. கொடுத்தேன். அடுத்த வாரம் சீட்டு இல்லாமல் வந்தான். "அதே மாத்திரைதான்க்கா, வலி தாங்கல"ன்னான். தெரிந்த பையன்தானே என்று ஒரு அட்டை கொடுத்தேன். பிறகு இரண்டு அட்டை. நோட்டில் எழுதவும் இல்லை, பில் போடவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து அவன் அம்மா குழுவில் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். மாடு வாங்க என்றார். மாடு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பையன் போர்வையைப் போர்த்திக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடக்கிறான். மாத்திரை கிடைக்காத நாள் அது. அந்த அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் கொடுத்தது கள்ளச்சந்தை மருந்து இல்லை. நல்ல கம்பெனி தயாரித்து, லைசென்ஸ் உள்ள கடையில், வெள்ளைக் கோட்டு போட்ட நான் கொடுத்த மருந்து. அப்படியென்றால் சட்டம் என்ன சொல்கிறது, எங்கே கோட்டை விட்டோம் என்று படித்துப் பார்த்தேன். அதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகம் இருக்கிறது. அதில் ஏறாதது எதுவும் செல்லாது. மருந்துக்கும் அப்படி அரசாங்கத்திடம் பட்டியல் இருக்கிறது. எந்த மருந்தை யார் சீட்டு எழுதினால் விற்கலாம், எதை வைத்திருந்தாலே குற்றம் என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும். முக்கியமாக இரண்டு சட்டம். ஒன்று, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன் 1945 விதிகளில் எச், எச் 1, எக்ஸ் என்று அட்டவணைகள் உண்டு. இன்னொன்று, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். கஞ்சா வழக்கு என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தச் சட்டம்தான்.

எச் 1 அட்டவணை 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 46 மருந்துகள். காசநோய் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துகள், அல்பிரசோலம், நைட்ரசிபாம் மாதிரி தூக்க மாத்திரைகள், அவற்றோடு டிரமடால். இதை விற்றால் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆக, 2017-ல் நான் எழுதாமல் விட்டது அன்றைக்கே விதிமீறல். சட்டம் இல்லாமல் போகவில்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்த நான் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு 2018 ஏப்ரல் 26-ஆம் தேதி மத்திய அரசு டிரமடாலை 1985 சட்டத்தின் பட்டியலிலும் சேர்த்தது. அதிலிருந்து அது வெறும் வலி மாத்திரை இல்லை, மனமயக்கப் பொருள். சீட்டு இல்லாமல் விற்றாலும் வைத்திருந்தாலும் ஜெயில். கடைக்காரர்களுக்குப் பயம் வந்தது. அந்த மாத்திரை கேட்டு வருவது எங்கள் கடையில் குறைந்தது.

ஆனால் கொஞ்ச நாளில் பையன்கள் வேறு பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். டாப்பென்டடால். அதுவும் வலி மாத்திரைதான், கிட்டத்தட்ட அதே வேலை செய்யும். 2018 அறிவிக்கையில் அதன் பெயர் இல்லை. போலீஸ் பிடித்தாலும் போதைப்பொருள் சட்டத்தில் வழக்குப் போட முடியாமல், வேறு சட்டங்களில் போட வேண்டிய நிலை பல ஆண்டுகள் இருந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த மாத்திரையைப் பொடி செய்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மாத்திரை ஊசிக்குச் செய்ததில்லை. அதில் இருக்கிற மாவு ரத்தக் குழாயை அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே வரும்.

பட்டியல் இப்படித்தான் எப்போதும் ஒரு அடி பின்னால் நடக்கிறது. ஒரு பெயரைச் சேர்த்தால் வியாபாரம் அடுத்த பெயருக்குத் தாவுகிறது. பஞ்சாபில் பல மாவட்டங்களில் பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மருந்து போதைக்குப் போனபோது, 75 மில்லிகிராமுக்கு மேலான காப்ஸ்யூலை விற்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகமே உத்தரவு போட்டது. டாப்பென்டடாலும் கரிசோப்ரடால் என்ற தசை தளர்த்தும் மருந்தும் கலந்த மாத்திரை நம் நாட்டிலிருந்து கானா, நைஜீரியா வரைக்கும் போய் அங்குள்ள பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 2025 பிப்ரவரியில் பிபிசி வெளியிட்டது. அதன் பிறகுதான் அந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் தந்த அனுமதிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிட்டது.

"நம்ம மாநில அரசே பட்டியல்ல சேர்க்கலாமே"ன்னு ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல் உண்டு. 2014-ல் அங்கே மத்திய அரசு டிரமடாலைச் சேர்ப்பதற்கு முன்பே சில மாநிலங்கள் தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டன. நம் நாட்டில் 1985 சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் மத்திய அரசின் கையில். மாநிலம் கேட்கலாம், எழுதலாம். ஆனால் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது, மருந்து ஆய்வாளரை அனுப்பி நோட்டைப் பார்ப்பது, லைசென்ஸை ரத்து செய்வது எல்லாம் மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. பட்டியல் டெல்லியில் எழுதப்படும். அது நடக்கிறதா என்று பார்ப்பது ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வல்லத்திலும்தான்.

உடனே, "எல்லா வலி மருந்தையும் தடை பண்ணிடணும்"னு கோபத்தில் சொல்லாதீர்கள். அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1985-ல் சட்டம் வந்தபோது மார்ஃபின் மருந்துக்கு ஏகப்பட்ட லைசென்ஸ் கேட்டார்கள். ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. புற்றுநோய் வலியில் துடித்தவர்களுக்கு மருந்து கிடைக்காமல் போனது. அதைச் சரிசெய்ய 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம்ம மாவட்டத்தில் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு யாரையாவது அழைத்துப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மருந்து என்ன நிம்மதி கொடுக்கும் என்று. தேவைப்படுகிறவருக்குக் கிடைக்க வேண்டும். தேவையில்லாதவர் கைக்குப் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பட்டியல் நிற்கிறது.

இப்போது தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தச் சட்டத்தில் தண்டனை எடையைப் பொறுத்தது. டிரமடாலுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு, ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் பத்து வருஷம் வரை. 250 கிராமுக்கு மேல் என்றால் வணிக அளவு, பத்து முதல் இருபது வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. "மாத்திரையில மருந்து 50 மில்லிகிராம்தானே"ன்னு கணக்குப் போடாதீர்கள். கலந்திருக்கும் மாவோடு சேர்த்து முழு எடையும் கணக்கில் வரும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பனுக்காக நாலைந்து அட்டை பையில் வைத்திருக்கிறேன் என்கிற பையன் சிறிய அளவைத் தாண்டியிருக்கலாம். அவனுக்கே அது தெரியாது.

அதே சட்டத்தில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டினால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் முழுதாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். இது பல வக்கீல்களே ஞாபகப்படுத்தினால்தான் சொல்கிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

பையனை அறையில் பூட்டி வைக்காதீர்கள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு வலி, வியர்வை, தூக்கமின்மை, வாந்தி எல்லாம் வரும். டிரமடால் அளவுக்கு மீறிப் போட்டவர்களுக்கு வலிப்புகூட வரும். டாக்டர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-லிருந்து 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் வந்திருக்கின்றன. 14446 என்ற இலவச எண்ணில் போன் செய்து கேட்கலாம். விற்கிறவர்களைப் பற்றித் தகவல் சொல்ல 1933.

பையன்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியில்லை. ஹாஸ்டலில் இருக்கும் நம்ம பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். மாதவிடாய் வலிக்கு, கால் வலிக்கு, பகலில் தூக்கம் வரலை என்பதற்கு. "போன தடவை ரூம்மேட் கொடுத்தா, அதே குடுங்கக்கா" என்பார்கள். இப்போது நான், "சீட்டு கொண்டு வா கண்ணு" என்கிறேன். சிலர் முகம் சுளித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அதனால்தான் எல்லாக் கடையிலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டாம். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை எழுதியிருந்தால் எச் 1 மருந்து. சிவப்பில் 'என் ஆர் எக்ஸ்' என்ற மூன்று எழுத்து இருந்தால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. அது யாருடையது, சீட்டு எங்கே என்று கேளுங்கள். சீட்டு இருந்தால் பயம் வேண்டாம். மீதியான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கூட்டமைப்பின் முன்னால் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். நம்ம ஊராட்சியில் இருக்கும் மெடிக்கல்களுக்கு நாமே நேரில் போய், சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளைக் கொடுக்காதீர்கள் என்று கேட்போம். கேட்காத கடையைப் பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுப்போம். இரண்டாவது, சிகிச்சைக்கு என்று உள்கடன் கேட்டு வருகிறவரை, காரணத்தைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வைக்காமல், தலைவியிடம் மட்டும் சொன்னால் போதும் என்று தீர்மானம் போடுவோம். அந்த அக்கா மாடு என்று பொய் சொன்னது நம்மை ஏமாற்ற இல்லை. நம் வாய்க்குப் பயந்துதான்.

அந்தப் பையன் சிகிச்சை எடுத்தான். ஒரு தடவை மறுபடி விழுந்தான், மறுபடி கூட்டிப் போனார்கள். இப்போது வேலைக்குப் போகிறான். கடைப் பக்கம் வந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குத்தான் இன்னும் முழுதாகச் சிரிக்க வரவில்லை. என் நோட்டில் இப்போது ஒரு வரிகூட விடுபடுவதில்லை.