நெஞ்சு நோய்க்கு டாக்டரைத் தேடுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(மேலப்பாளையத்தில் நடைபெற்ற மருத்துவ உதவி விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிற மனுக்களில், மூச்சுத் திணறல், தீராத இருமல், நெஞ்சில் நீர் கட்டுதல் என்று எழுதப்பட்டவை அடிக்கடி வருகின்றன. காரணம் நமக்குத் தெரியாததல்ல. நம் ஊரில் எத்தனையோ உம்மாமார்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கப் பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்கள். அந்தப் புகையிலைத் தூள் கையோடு நிற்பதில்லை. மூச்சோடு உள்ளேயும் போகிறது.

அந்த மனுக்களோடு இணைத்திருக்கும் ஆஸ்பத்திரி பில்களைப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். ஆனால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருப்பார்கள். "அந்த ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டு என்றுதான் சொன்னார்கள். சேர்த்த பிறகு இதற்குக் கிடையாது என்றுவிட்டார்கள்" என்பார்கள். இது பலர் சொல்கிற கதை. இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அட்டை பெற ரேஷன் கார்டு, வீட்டில் உள்ளவர்களின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அட்டை கையில் இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: "நுரையீரல் நோய்க்கு உங்கள் ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டா?" வெறுமனே "காப்பீடு உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரிக்கு எல்லாப் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. எலும்பு முறிவுக்கோ கண் ஆபரேஷனுக்கோ இருந்துவிட்டு, நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு இல்லாமல் போகலாம். ஆகவே பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போன் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: "டாக்டர் சொல்லும் இந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறதா?" இந்தக் காப்பீடு முக்கியமாகப் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. டாக்டர் பீஸ், மாதாமாதம் வாங்கும் மாத்திரை, இன்ஹேலர் போன்ற வெளிநோயாளிச் செலவுக்கு இதை நம்பிப் போகக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆண்டு முழுவதும் வருகிற செலவே அதுதான். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி: "முன் அனுமதி வந்துவிட்டதா?" தனியார் ஆஸ்பத்திரி நோயாளியின் விவரங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்த சிகிச்சைக்கு நம்மிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன அதே எண்ணில் புகார் செய்யலாம். அது நம் உரிமை.

இனி டாக்டர் யார் என்பதைப் பார்ப்போம். நெஞ்சு வலி என்றாலே இருதய டாக்டரிடம் ஓடுகிறோம். இருமலுக்குத் தெருமுனைக் கிளினிக்கில் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்கிறோம். நுரையீரலுக்கென்று படித்தவரின் பெயர்ப் பலகையில் "எம்.டி., ரெஸ்பிரேட்டரி மெடிசின்" என்றோ "டி.டி.சி.டி." என்றோ இருக்கும். "புல்மோனாலஜிஸ்ட்" என்றும் போட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட நிபுணரைத் தேடி நாம் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. நாம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று சொல்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் நிபுணரைப் பார்க்கலாம். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் டாக்டர் சொல்கிறபடி அங்கேயே நடக்கும். மாத மருந்துக்கு வேறு வழி இருக்கிறது என்றேனே, அது இதுதான். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், நம் அட்டை அரசு மருத்துவமனையிலும் செல்லும்.

"அங்கே கூட்டம், காத்திருக்க வேண்டும்" என்பது உண்மைதான். ஒரு காலைப் பொழுது போகும். ஆனால் அடகுக் கடையில் போன நகை ஒரு காலைப் பொழுதில் திரும்பி வராது. ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கும் தாய்மார்கள், கூடவே மகளையோ ராத்தாவையோ அழைத்துப் போங்கள். பெண் மருத்துவரோ நர்ஸோ உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மருந்து அட்டைகள், ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருங்கள்.

மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், உங்களை நம்பி வாழும் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. அதில் வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் அடங்கும். பிடித்தம் மட்டும் நடந்து, அட்டை வாங்காமல் இருப்பவர்கள் உடனே வாங்குங்கள்.

அடுத்து, நாம் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். "டி.பி. என்று தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாது" என்று பயந்து, ஆஸ்துமா என்று சொல்லி மறைக்கிறார்கள். மறைப்பதால் அந்த மகளுக்கே நோய் தொற்றும். மருந்தை ஒழுங்காகத் தொடங்கினால் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவும் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். இதற்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும், அவர் அரசில் பதிவு செய்தால் இந்தத் தொகைக்கு வழியுண்டு. பதிவு செய்வது அவர் கடமை.

இன்ஹேலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பழகிவிடும்" என்று பயந்து, மூச்சு முட்டும் நாளில் மட்டும் எடுக்கிறோம். இன்ஹேலரில் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்னால் தினமும் எடுங்கள். நிறுத்தி நிறுத்தி எடுப்பவர்கள்தான் கடைசியில் அவசரச் சிகிச்சைக்கு வந்து நிற்கிறார்கள்.

நிறைவாக, அறக்கட்டளையின் சார்பில் ஒரு வேண்டுகோள். ஜகாத்தும் சதக்காவும் நம்மிடம் இருக்கும் அமானிதம். அரசு ஏற்கக் கூடிய பில்லை நாம் அந்தப் பணத்தில் கட்டினால், எந்தத் திட்டத்திலும் வராத இன்னொரு ஏழையின் பங்கு குறைந்துபோகும். ஆகவே உதவி கேட்டு வருபவர்களிடம் "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று முதலில் கேட்கிறோம். விரட்டுவதற்காகக் கேட்கவில்லை. இருந்தால் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று கூட வந்து காட்டுவோம். இல்லையென்றால் வாங்கித் தர உதவுவோம். அதிலும் கிடைக்காத செலவுக்கு இன்ஷா அல்லாஹ் நம்மால் முடிந்ததைச் செய்வோம்.

மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதல்ல. நோய் வந்தால் வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அட்டையைத் தேடி எடுங்கள். அதில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நம் தம்பிகளிடம் பெயர் கொடுங்கள். நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடுவதைவிட, நல்ல சுகத்தோடு இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

நோயால் வாடும் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.