கிணற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு



வழக்கமாக வரிக் கணக்கு, ஓய்வூதிய நிதி என்று பேசுகிற நான் இன்றைக்குத் தண்ணீர்க் கணக்குப் பேச வந்திருக்கிறேன். நான் வர்த்தகம் படித்தவன், பொறியியலாளன் அல்ல. ஆனால் இந்தக் கணக்கில் நானே ஒரு பிழை விட்டிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய வீட்டைத் திருத்தினோம். இங்கிருந்து காசு அனுப்பி ஆழமாகக் குழாய்க்கிணறு அடிப்பித்து, பெரிய மோட்டரும் பூட்டுவித்தேன். மூன்றாம் கோடையில் தேநீர் உவர்த்தது. பக்கத்து வீட்டு மாமி தொலைபேசியில், "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணியும் சவராப் போச்சு" என்றார். அவர் என்னைக் கோபித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அவர் கோபிக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது? குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் எங்கள் வைப்பு. அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது பலருக்குத் தெரிந்ததே.

இதன் கணக்கு எளிது. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே இந்தக் கணக்கைக் காத்தது. மோட்டருக்குக் களைப்பில்லை.

பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது, செய்து காட்டுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்குங்கள். கண்ணாடிக் கிளாஸில் பாதிக்கு ஊற்றுங்கள். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் படவிட்டு மெல்ல ஊற்றினால் கலக்காமல் மிதக்கும். ஸ்ட்ரோவின் நுனியைச் சிவப்புக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் வரும். பிறகு பலமாக உறிஞ்சச் சொல்லுங்கள். சிவப்பு கூம்புபோல் எழுந்து உள்ளே ஏறும். நாக்கே விடை சொல்லிவிடும்.

பெரிய விஞ்ஞானமும் இப்படித்தான் தொடங்கியது. பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, 1856இல் தன் விதியை வெளியிட்டார். தண்ணீர் மட்ட வித்தியாசம் கூடக் கூட மணலூடாக ஓட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்பதே அது. இன்று நிலத்தடி நீரைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இந்த விதியில்தான் நிற்கின்றன.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. சிட்னி விமான நிலையத்தை அண்டிய பொட்டனி மணற்படுகையில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால், 2006 முதல் அப்பகுதியின் பெரும்பாகத்தில் வீட்டுத் தேவைக்கு நிலத்தடி நீர் எடுக்கத் தடை. கெடுப்பது இலகு; மீட்பது கடினம்.

ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஆழத்துக்குப் போகாதீர்கள். சிறிய மோட்டர் போட்டு, விட்டு விட்டு இறையுங்கள். முற்றம் முழுவதும் சீமெந்து போடாமல் மழைநீர் இறங்க இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை தண்ணீரின் உப்பை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கிணறு எங்கள் காணிக்குள் இருக்கலாம். தண்ணீர் வேலி பார்ப்பதில்லை.

எங்கள் குழாய்க்கிணற்றை மூடிவிட்டோம். இப்போது பழைய கிணற்றில்தான் அள்ளுகிறார்கள். மாமியின் கிணறு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் அவரிடம் விசாரிக்கிறேன்.