டயாலிசிஸ் பெறுவோரின் கைமரப்பும் அறுவை மருத்துவமும்



சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு டயாலிசிஸ் உயிர்காக்கும் மருத்துவமாகும். பெரும்பாலும் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என ஆண்டுக்கணக்கில் அதனைப் பெற்று வாழ்வோர் பலர். பல்லாண்டுகள் கடந்தபின் அவர்களுள் சிலர்க்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப்போகின்றன. இரவில் வலி உறக்கத்தைக் கலைக்கிறது. டயாலிசிஸ் நடைபெறும் வேளையிலும் மிகுவதுண்டு. இதுவும் சிறுநீரக நோயின் ஒரு பகுதியே என்று கருதிப் பொறுத்துக்கொள்வோர் உளர். அப்பொறுமை நன்மை தருவதன்று. கையின் ஆற்றலையே இழக்கச் செய்வது.

மணிக்கட்டில் எலும்புகள் தளமாகவும், உறுதியான நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய வழி ஒன்றுண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே இடம் குறையும்போது நரம்பு நசுங்குகிறது. இதனைக் கார்ப்பல் டன்னல் நோய் என்பர்.

டயாலிசிஸ் பெறுவோர்க்கு இது வருவதேன்? 1985ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த கெஜியோவும் அவர்தம் குழுவினரும் விடை கண்டனர். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதத்தை நலமான சிறுநீரகம் அகற்றிவிடும். பழைய வகை வடிகட்டிகளோ அதனை அகற்றமாட்டா. குருதியில் பெருகிய அப்புரதம் அமிலாய்டாக மாறி, மணிக்கட்டிலும் மூட்டுகளிலும் படிகிறது.

நீரிழிவினாலும் விரல்கள் மரக்கலாம். பிஸ்டுலா வைத்த கையில் விரல்களுக்குச் செல்லும் குருதி குறைவதாலும் வலிக்கலாம். ஆதலின் நரம்பின் மின்கடத்தல் சோதனையால் நோயை உறுதி செய்வர். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிதலும் ஸ்டீராய்டு ஊசியும் சிறிது காலம் தணிவளிக்கும். நசுக்கம் நீடிப்பின் அறுவையே தக்க வழி.

அறுவையில் அந்நார்ப்பட்டையை வெட்டிப் பிரித்து, நரம்புக்கு இடமளிப்பர். உள்ளங்கையின் அடியில் சிறிய கீறலிட்டும், உள்நோக்கிக் கருவி கொண்டும் இதனைச் செய்யலாம். பலர்க்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்தலே போதும். தசைநாண்களைச் சுற்றிய உறை தடித்திருப்பின் அதனையும் அகற்றுவதுண்டு. டயாலிசிஸின்போது தரப்படும் ஹெப்பாரின் மருந்தினால் குருதி உறைதல் தாமதப்படுமாதலின், டயாலிசிஸ் இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பர். பிஸ்டுலா உள்ள கையாயின் அதனைக் காப்பதிலும் கருத்தூன்றுவர்.

இரவு வலி பெரும்பாலும் விரைவில் தணியும். மரப்பு நீங்கச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் பெருவிரலடித் தசை மெலிந்தபின் அறுவை செய்தால் இழந்த வலிமை முழுதும் திரும்புவது அரிது. அமிலாய்டு மீண்டும் படிவதால் நோய் திரும்பவும் கூடும். நுண்துளை பெரிதான புதுவகை வடிகட்டிகள் அப்புரதத்தை ஓரளவு அகற்றுகின்றன. சிறுநீரக மாற்று மேலும் படிதலைத் தடுக்க உதவுகிறது.

எனவே, வீட்டில் டயாலிசிஸ் பெறுபவர் இருப்பின், சட்டைப் பொத்தானிட இயல்கிறதா, இரவில் கையை உதறிக்கொண்டு எழுகிறாரா எனக் கேளுங்கள். அவர் தாமே சொல்லும்வரை காத்திருக்க வேண்டா. உரிய காலத்துக் கேள்வி ஒன்று, அவர் தம் கையால் உண்ணும் உரிமையைக் காக்கும்.