ஓட்டுப் போடுவது யாருக்கு?



அமெரிக்காவில் ஜனாதிபதியை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நம்மில் அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. அங்கு ஓட்டர்கள் போடும் ஓட்டு "எலெக்டர்கள்" என்னும் 538 பேரைத் தெரிந்தெடுப்பதற்கே ஆகும். அந்த 538 பேரில் 270 பேருடைய ஓட்டைப் பெற்றவரே ஜனாதிபதியாவார்.

சரி, இந்த 538 பேரை நிறுத்துகிறவர்கள் யார்? அநேக மாகாணங்களில் இவர்கள் பெயர் ஓட்டுச் சீட்டில் அச்சிடப்படுவதுகூட இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டசபை காட்டும் வழியில் எலெக்டர்களை நியமிக்க வேண்டியது. மத்திய சட்டசபை அங்கத்தினரும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரும் எலெக்டராகக் கூடாது. ஆனால் பெயர் கொடுப்பது யார் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. மாகாணச் சட்டங்களோ பெயர் கொடுக்கும் வேலையைக் கட்சிகளிடம் ஒப்புவித்து விட்டன. பல மாகாணங்களில் கட்சி மாநாடு கூடிப் பெயர்களைத் தீர்மானிக்கிறது. வேறு சிலவற்றில் கட்சிக் கமிட்டியே தீர்மானிக்கிறது. பென்சில்வேனியாவிலோ, ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நிற்கும் அபேட்சகரே தமக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களைப் பொறுக்கிக் கொள்ளுகிறார்!

"கட்சி தனக்கு நம்பிக்கையானவனைத்தானே நிறுத்தும், அதில் தப்பென்ன?" என்று கேட்கலாம். தப்பில்லை. ஆனால் ஆதியில் இந்த ஏற்பாட்டுக்குச் சொன்ன சமாதானம் என்ன? விஷயம் தெரிந்த பெரியவர்கள் கூடி, யோசித்து, யோக்கியமானவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதுதான். அந்த யோசனை சீக்கிரமே செத்துப் போய் விட்டது. 1796-லேயே சாமுவேல் மைல்ஸ் என்ற எலெக்டர், தம்மை நிறுத்திய கட்சியாரின் அபேட்சகரை விட்டு ஜெபர்சனுக்கு ஓட்டுக் கொடுத்தார் என்று கண்டிக்கப்பட்டார். 2016-ல் வாஷிங்டன் மாகாணத்தில் 4 எலெக்டர்கள் தங்கள் கட்சி அபேட்சகருக்கு ஓட்டளிக்கவில்லை. அதற்காக ஆளுக்கு 1000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டவர்களில் 3 பேர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்காடினார்கள். கொடுத்த வாக்குப்படி ஓட்டுப் போடும்படி எலெக்டரைக் கட்டாயப்படுத்த மாகாணத்துக்கு அதிகாரமுண்டு என்று 2020-ல் தீர்ப்பாயிற்று.

ஆனால் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் எல்லா மாகாணங்களிலும் இல்லை. ஆகவே நான் கேட்பது இதுதான். எலெக்டர் கட்டுப்பட்டவரானால், நடுவில் ஓர் ஆள் எதற்கு? எண்ணிக்கையே போதுமே! கட்டுப்படாதவரானால், ஜனங்கள் போட்ட ஓட்டுக்கு மதிப்பென்ன? நாம் வக்காலத்துக் கொடுக்காத ஒருவர் நம் பேரால் கோர்ட்டில் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே! பழைய ஏற்பாடு என்பதற்காக எதையும் சரியென்று ஒப்புக்கொள்ளக் கூடாது. ஓட்டு இருக்கிறது என்று மகிழ்ந்தால் மட்டும் போதாது. அது யார் கை வழியாய்ப் போகிறது, அந்தக் கையை நிறுத்தியவர் யார் என்று கேட்கிறவனே உண்மையில் ஓட்டுடையவன் ஆவான்.